ஒன்பதாம் பாரனட்

சூப் ஆறாமல் கொண்டுபோக வேண்டுமானால் பாத்திரத்தைக் கம்பளித் துணியில் சுற்றி, கூடைக்குள் வைக்கோல் பரப்பி நடுவில் இறக்கி வைக்க வேண்டும். முப்பது வருடங்களாக எங்கள் குத்தகைக்காரர் வீடுகளில் யார் படுத்தாலும் நான்தான் அப்படி எடுத்துப் போயிருக்கிறேன். நீங்கள் கேட்ட அந்தச் செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான் போனேன், இன்ஸ்பெக்டர். வழியில் என்னைப் பார்த்தவர்கள் வித்தியாசமாக ஒன்றும் நினைத்திருக்க மாட்டார்கள்.

எங்கள் குடும்பத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் செய்தது வெறும் கிறுக்காகத் தெரியும். பெயருக்கு முன்னால் சர் என்று போட்டுக்கொள்ளும் பரம்பரைப் பட்டம்தான் பாரனட். வின்ஸ்லேட் குடும்பத்துக்கு அது கிடைத்து இருநூற்று எண்பது வருடங்கள் ஆகின்றன. அப்பாவுக்குப் பிறகு மூத்த மகன் சர் ஆவான். மகன் இல்லாவிட்டால் ஆண் வழியில் யாராவது. அதுவும் இல்லாவிட்டால் பட்டம் அத்தோடு அழிந்துவிடும். வீட்டை விற்கலாம், நிலத்தை விற்கலாம். பட்டத்தை விற்கவும் முடியாது, ஆசைப்பட்டவருக்கு எழுதி வைக்கவும் முடியாது. என் அப்பா சர் காட்ஃப்ரி எட்டாவது. அவருக்கு அண்ணன் தம்பி கிடையாது. பங்காளிகளில் ஆண் என்று ஒருவரும் மிஞ்சவில்லை.

அம்மா ஆறு முறை கருவுற்றதில் தங்கியது நான் ஒருத்தி. ஆறாவது முறைக்குப் பிறகு, இன்னொரு பிரசவத்தை அவள் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொன்னார். சாப்பாட்டு மேசையில், என் முன்னால்தான் சொன்னார்.

"என் குதிரைகூட இதுக்கு மேல தாங்குது, டாக்டர்" என்றார் அப்பா. டாக்டர் சிரித்துவிட்டு, தட்டில் இருந்த ஆட்டிறைச்சியை வெட்டத் தொடங்கினார்.

அடுத்த மார்ச் மாதம் என் தம்பி லயனல் பிறந்தான். எனக்குப் பதினான்கு வயது. அம்மாவுக்கு இரத்தம் நிற்கவில்லை. தாதி துணி மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள். நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போது தேவாலய மணிகள் எல்லாம் சேர்ந்து அடிக்க ஆரம்பித்தன.

"ஹெட்டி, என்ன மணி அது? யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டாள்.

நான் கீழே ஓடினேன். அப்பா முற்றத்தில் குத்தகைக்காரர்களுக்கு பீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, மணியை நிறுத்தச் சொல்லுங்க. அம்மாவால தாங்க முடியல."

"வாரிசு பொறந்திருக்கான். ஊருக்குத் தெரிய வேண்டாமா? சத்தம் கேட்டா ஜன்னலைச் சாத்திக்கச் சொல்லு."

மேலே போய் ஜன்னலைச் சாத்தினேன். வெளிச்சம் இருக்கும்போதே அம்மா இறந்துவிட்டாள். மணி அடித்தவர்களுக்கு யாரும் போய்ச் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் அரை மணி நேரம் அடித்துவிட்டுத்தான் ஓய்ந்தார்கள்.

அன்றைக்கே முடிவெடுத்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். பதினான்கு வயதில் அவ்வளவு தெளிவு வராது. அப்பாவின் உயிர் எங்கே இருக்கிறது என்று இருபது வயதில்தான் எனக்குப் புரிந்தது. அவர் உடம்பில் இல்லை. அவருக்குப் பிறகு வரப்போகிறவனிடம் இருந்தது.

லயனலை வளர்த்தது நான்தான். அவன்மேல் எனக்குப் பாசம் உண்டு. சாதுவானவன், நெஞ்சு பலவீனம், மூடுபனி நாளில் மூச்சு வாங்கும். அவனுக்கு ஒரு கெடுதலும் வரவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அவன் கல்யாணம் செய்துகொள்ளாமல் இருந்தால் போதும் என்றிருந்தேன். எந்தப் பெண்ணாவது இரண்டாம் முறை தேநீருக்கு வந்தால், எங்கள் குடும்பத்தில் பைத்தியம் உண்டு என்று அவள் தாயின் காதில் ஒரு வார்த்தை போடுவேன். அது முழுப் பொய் அல்ல என்று நீங்கள் இப்போது நினைக்கலாம்.

போர் தொடங்கிய மறு வருடம் அப்பா அவனுக்குத் தானே ஒரு பெண்ணைப் பேசி முடித்தார். அந்தப் பெண்ணின் தாய் செத்துப் போயிருந்தாள். தகப்பனுக்கோ காது மந்தம். எனக்கு வேறு வழி இல்லாமல் போயிற்று. சமையலறையில் வாத்து உரித்த அன்று வெள்ளை இறகு ஒன்றை எடுத்து உறையில் போட்டு, அவன் பெயரை எழுதி, பக்கத்து ஊர்த் தபால் பெட்டியில் சேர்த்தேன். போருக்குப் போகாத ஆண்களுக்கு அப்போது அப்படி அனுப்புவார்கள். கோழை என்று அர்த்தம். காலை உணவின்போது அவன் அதை என்னிடம் காட்டினான்.

"ஊர்ல யாரோ என்னைப் பயந்தாங்கொள்ளின்னு நினைக்கிறாங்க, ஹெட்டி."

"நினைச்சுட்டுப் போகட்டும். உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்" என்றேன்.

மூன்றாவது இறகு வந்த வாரம் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். மூச்சுத் தொல்லையைப் பட்டாள டாக்டரிடம் மறைத்திருக்கிறான். கல்யாணப் பேச்சு நின்றுபோனது. இரண்டு வருடம் கழித்து அவன் பிரான்சில் செத்துப்போனான். நான் உண்மையாகவே அழுதேன். அப்பா மூன்று நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை. அத்தோடு எல்லாம் முடிந்தது என்று நம்பினேன்.

மறு மாதம் ஹல் நகரத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. எல்ஸி என்ற பெண் எழுதியிருந்தாள். ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற வேலை. அங்கே காயத்தோடு படுத்திருந்த லயனல் யாருக்கும் சொல்லாமல் அவளைத் திருமணம் செய்திருக்கிறான். பதிவுச் சான்றும் இருந்தது. இரட்டைக் குழந்தைகள். வேறு நாளாக இருந்தால் அப்பா கடிதத்தை அடுப்பில் போட்டிருப்பார். ஒன்று ஆண் என்று படித்ததும் ரயிலடிக்கு வண்டி அனுப்பினார்.

எல்ஸியை எனக்குப் பிடித்திருந்தது. வந்த இரண்டாம் நாளே, "மிஸ் ஹெட்டி, இந்த வீட்டுல குளிக்கிற அறை எங்கேன்னு கேட்டா, செவுத்துல தொங்கற தாத்தாமாருங்கதான் மொறைக்கிறாங்க. வாயத் திறந்து ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறாங்க" என்றாள். இந்த வீட்டில் சத்தமாகச் சிரித்த முதல் ஆள் அவள்தான்.

பையன் பெயர் பியர்ஸ். அப்பா அவனை மடியில் உட்கார வைத்துக்கொண்டு, கூடத்தில் மாட்டியிருந்த வம்சாவளிப் படத்தில் அவன் விரலைப் பிடித்து ஒவ்வொரு பெயராகத் தொடவைப்பார். "நீ ஒன்பது. சொல்லு, ஒன்பது." பையனும் சொல்வான். ஒருநாள் எல்ஸியைப் பார்த்து, "நீ இனிமே எங்க வேணும்னாலும் போகலாம்மா. உன் வேலை முடிஞ்சுது" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். எல்ஸியும் சிரித்தாள். நான் எழுந்து போய்விட்டேன்.

போன அக்டோபரில் எல்ஸியின் தங்கைக்குக் கல்யாணம். பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டு ஒரு வாரம் ஊருக்குப் போனாள். எங்கள் குத்தகைக்காரர் டேப்லி வீட்டுச் சிறுமி ரோஸுக்குத் தொண்டை அடைப்பான் நோய் என்று திங்கட்கிழமை சமையல்காரி சொன்னாள். செவ்வாய்க்கிழமை நான் சூப் எடுத்துப் புறப்பட்டேன். பியர்ஸையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டேன்.

திருமதி டேப்லி வாசலிலேயே மறித்தாள். "உள்ள வராதீங்க, மிஸ். கொழந்தைய வேற கூட்டிட்டு வந்திருக்கீங்களே. ரோஸுக்கு என்னன்னு தெரியுமில்ல?"

"தெரியும்" என்றேன்.

அவள் ஒருமாதிரியாகப் பார்த்தாள். ஆனாலும் மாளிகைக்காரர்களை வாசலில் நிறுத்தி அவளுக்குப் பழக்கமில்லை. ஒதுங்கிக்கொண்டாள். பியர்ஸுக்கு நோயாளிகளிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று வழியிலேயே சொல்லிக் கொடுத்திருந்தேன். நல்ல பிள்ளை. கட்டிலில் ஏறி ரோஸுக்கு முத்தம் கொடுத்தான். அவள் குடித்து மிச்சம் வைத்த சூப்பை அதே கரண்டியால் அவனுக்கு ஊட்டினேன்.

வெள்ளிக்கிழமை அவனுக்குத் தொண்டை வலித்தது. சளி என்றேன். டாக்டரைக் கூப்பிடட்டுமா என்று பணிப்பெண் இரண்டு முறை கேட்டாள். திங்கட்கிழமை பார்க்கலாம் என்றேன். நோய் வந்த உடனே மருந்து போட்டால் பிழைக்க வைக்கலாமாம், தாமதித்தால் கடினமாம். அதைப் பத்திரிகையில் படித்திருந்தேன். எல்ஸி ஞாயிறு மாலை வந்து சேர்ந்தபோது அவனுக்கு மூச்சு விசில் போல ஒலித்தது. செவ்வாய் காலை இறந்தான்.

அடக்கம் முடிந்த பிற்பகல் அப்பாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். இறகு, சூப், கரண்டி, ஒன்றும் விடவில்லை.  கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"என்னைக் கொன்னிருக்கலாமே, ஹெட்டி?"

"நீங்க செத்தா அடுத்தவன் சர் ஆயிடுவான், அப்பா. நீங்க உயிரோட இருந்து பார்க்கணும். உங்களோட முடியுதுன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போகணும். ஜன்னலைச் சாத்தட்டுமா?"

அன்று மாலையே அவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோனது. அதற்குப் பிறகு பதினோரு வாரம் உயிரோடு இருந்தார். நானே ஊட்டினேன், நானே துடைத்துவிட்டேன். ஒரு நாள்கூட அவருக்குக் குறைந்துவிடக் கூடாது என்று கவனமாகப் பார்த்துக்கொண்டேன். டாக்டர் என்னைப் பாராட்டினார்.

திருமதி டேப்லி பயந்து பயந்து கடைசியில் எல்ஸியிடம் சொல்லிவிட்டாள். நேற்றுக் காலை எல்ஸி என் அறைக்கு வந்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"நான் உங்களுக்கு என்ன பண்ணேன், மிஸ் ஹெட்டி?"

"ஒண்ணுமே பண்ணல. உம்மேல எனக்குக் கோபமே கிடையாது. எங்கம்மா பட்ட பாட்டுக்குத்தான் இதெல்லாம். நீயும் ஒரு தாய், உனக்குப் புரியும்" என்றேன்.

 "சரி. நோரா?" என்றாள். "நோரா என்ன பண்ணா?"

யாரைக் கேட்கிறாள் என்று எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. அந்த இரட்டையில் மற்றதைச் சொல்கிறாள் என்று அப்புறம்தான் விளங்கியது. அதுவும் பியர்ஸோடு ஒரே கட்டிலில்தான் படுத்திருந்தது. தனியாகப் படுக்க வைக்கலாமா என்று பணிப்பெண் கேட்டாள் போலிருக்கிறது. நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. பியர்ஸுக்கு இரண்டு நாள் கழித்து அதுவும் போயிற்று.

நான் எதையும் மறுக்கவில்லை, இன்ஸ்பெக்டர். கையெழுத்துப் போடத் தயார். ஆனால் நீங்கள் கடைசிப் பக்கத்தில் இரண்டு கொலை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை ஒன்று என்று திருத்திக் கொடுங்கள். இன்னொன்று பெண்தானே.