ஏழு சென்டிமீட்டர் குறைந்த மாப்பிள்ளை

என் பேச்சு நீளும் என்று தெரிந்தும் ஒலிவாங்கியை என் கையில் கொடுத்த துணிச்சல்மிக்க தலைவர் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! மடியில் பிள்ளையையும் மனத்தில் பொறுமையையும் சுமந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! இருபத்தைந்து ஆண்டு இல்லறம் கண்டும் இன்னும் வெட்கப்படும் மணமக்களே! மணமகளைப் பெற்றெடுத்த என் அக்காவே! தாய்மாமனின் தலை தாழ்ந்த வணக்கம்.

"சுருக்கமாப் பேசுடா" என்கிறார் அக்கா. இருபத்தைந்து ஆண்டுகள் என்ன, நனைத்தால் சுருங்கும் துணியா அக்கா?

என் அத்தான், மணமகளின் தந்தை, தையற்காரர். அந்தக் கடையை மறக்க முடியுமா? புதுத்துணி வாசம், இஸ்திரிப் பெட்டியின் சூடு, வெட்டும் மேசையெங்கும் சாக்பீஸ் தூள். அதன் மூலையில், வயிறு பெருத்த ஒரு பழைய கணினி. அதில்தான் என் மருமகளுக்கு வந்த வரன்களையெல்லாம் எக்செல் அட்டவணையில் ஏற்றச் சொன்னார் அத்தான். ஏற்றியவள் யார்? மணப்பெண்ணேதான்!

என் மருமகள் உயரமானவள். உறவுக்காரர்கள் "ஏணி" என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் அத்தானின் முகம் சுண்டிப்போகும். "மேடையில என் பொண்ணைப் பார்த்து ஒருத்தனும் சிரிக்கக் கூடாது. அவளோட உயரம் நூத்தி எழுபத்திரண்டு. அதுக்கு மேல இருக்கிறவன் மட்டும் வரட்டும்" என்றார். ஆசை நியாயமானது. ஆனால் நூறு பெயர்களில் எப்படித் தேடுவது?

அன்று கணினியைப் பழுது பார்க்க ஓர் இளைஞர் வந்திருந்தார். ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்தார். "உயரம்னு இருக்கிற தலைப்புல இந்த அம்புக்குறியை அழுத்துங்க. 'இதைவிடப் பெரியது'ன்னு எடுத்து, எண்ணைப் போடுங்க. அவ்வளவுதான்."

என் மருமகள் அழுத்தினாள். திரையில் மூன்றே பேர்! அத்தான் பதறிவிட்டார். "ஐயோ, மத்தவங்கல்லாம் எங்கப்பா? அழிஞ்சு போச்சா?"

"அழியல ஐயா, மறைஞ்சிருக்காங்க. இடது ஓரத்துல வரிசை எண்ணைப் பாருங்க, தாவித் தாவிப் போகுது. நடுவுல ஆளுங்க இருக்காங்க."

நடுவில் ஆட்கள் இருக்கிறார்கள்! அவையோரே, அந்த நடுவில் இருந்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? சொல்லிக்கொடுத்த அந்த இளைஞரேதான்! அவருடைய தாயார் கொடுத்த வரன் விவரமும் அதே பட்டியலில் இருந்தது. உயரம் நூற்று அறுபத்தைந்து. தன்னை ஒதுக்கும் சல்லடையைத் தானே பிடித்துக் கொடுத்த ஒரே மாப்பிள்ளை இவர்தான்! கைதட்டுங்கள், கைதட்டுங்கள், தகும்.

உயரமான மூவரும் வந்தார்கள். ஒருவர் கூரையைப் பார்த்தார். ஒருவர் கைப்பேசியைப் பார்த்தார். மூன்றாமவர் என் மருமகளைப் பார்த்து, "இன்னும் வளருவீங்களா?" என்று கேட்டார். அவள் உள்ளே போய் அழுதாள். எனக்கு இன்றும் அந்த ஆள்மேல் கோபம் ஆறவில்லை.

மறுநாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கணினி முன் உட்கார்ந்தாள். பழைய உயரச் சல்லடையை நீக்கினாள். அட்டவணையில் புதிதாக ஒரு நெடுவரிசை சேர்த்தாள். தலைப்பு: "நான் பேசும்போது காதுகொடுத்துக் கேட்டாரா?" தான் நேரில் பார்த்தவர்களுக்கெல்லாம் பத்துக்கு மதிப்பெண் போட்டாள். "அப்பா, இப்போ அஞ்சுக்கு மேல இருக்கிறவங்களை மட்டும் காட்டுறேன்" என்றாள்.

ஒரே ஒரு வரிசை. பழுது பார்க்க வந்து, அவள் பேச்சைக் கேட்டபடியே திருகாணியைத் தொலைத்த அதே இளைஞர்!

அத்தான் திரையில் உயரத்தை விரலால் தொட்டுக் காட்டினார். "ஏழு சென்டிமீட்டர் குறையுதேம்மா..."

"நீங்க தையற்காரர்தானேப்பா? ஏழு சென்டிமீட்டரை சரி பண்ண உங்களுக்குத் தெரியாதா?"

கடையே அதிரச் சிரித்தார் அத்தான். அந்தச் சிரிப்பில் திருமணம் முடிந்துவிட்டது, மீதியெல்லாம் சாப்பாடுதான்.

ஆனாலும் தகப்பன் மனம் கேட்குமா? திருமணத்தன்று கடையிலிருந்து ஒரு முக்காலியைத் தூக்கி வந்தார். புகைப்படத்துக்கு மாப்பிள்ளை அதன்மேல் ஏறி நிற்க வேண்டுமாம்! மாப்பிள்ளையும் மறுபேச்சில்லாமல் செருப்பைக் கழற்றினார். அப்போது என் மருமகளின் முகம் வாடியது. அத்தான் அதைப் பார்த்துவிட்டார். முக்காலியைச் சட்டென்று இழுத்து, மணமக்களுக்கு முன்னால் போட்டு, தானே உட்கார்ந்துகொண்டார்.

"மாப்பிள்ளை தரையிலயே நிக்கட்டும். எனக்குத்தான் கால் வலிக்குது."

அந்தப் படம் இன்றும் அக்கா வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. உயர்ந்து நிற்கும் பெண், நிமிர்ந்து நிற்கும் மாப்பிள்ளை, முன்னால் முக்காலியில் வாய்கொள்ளாச் சிரிப்போடு என் அத்தான். இன்று அவர் இல்லை. அவர் இல்லாத மேடையில் பேசுவது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

புகைப்படக்காரத் தம்பி, சற்று முன் மாப்பிள்ளையிடம், "சார், இந்த முக்காலியில ஏறிக்கறீங்களா?" என்று கேட்டீர்களே, அது அவர் ஏறுவதற்கு இல்லையப்பா. அத்தான் அன்று உட்கார்ந்த அதே முக்காலி, நான்தான் கடையிலிருந்து கொண்டுவந்தேன். முன்னால் போடுங்கள். காலியாகவே இருக்கட்டும். அவரும் படத்தில் இருக்கிறார்.

அழாதே அக்கா, முடித்துவிட்டேன். செவி கொடுத்த அத்தனை பேருக்கும் பத்துக்குப் பத்து! நன்றி, வணக்கம்.