நாலு மணிக்குள் ஒரு சொல்

கன்னர்: ...பேச்சை மாத்தாத, மார்னி. அஞ்சு வட்டு. அஞ்சுல ஒண்ணு உன் வலைக்குள்ள போச்சுன்னா அந்தச் சொல்லை நீ சொல்லணும்.

மார்னி: எந்தச் சொல்லு?

கன்னர்: தெரியாத மாதிரி கேக்குறா பாரு! ரெண்டே எழுத்து.

மார்னி: எனக்குத் தெரிஞ்சது ஓரெழுத்துதான். அதை வட்டு அடிக்காமலே சொல்றேன். போ.

கன்னர்: முகமூடியை மாட்டிக்கிட்டுப் பேசுறது ரொம்ப சுலபம்.

மார்னி: ஐஸ் ஹாக்கியில கோல் கீப்பர்னா மாட்டித்தான் ஆகணும். நீ அடிக்கிற லட்சணத்துக்கு அது தேவையான்னு கேட்டா... தெரியல.

கன்னர்: சனிக்கிழமை மேட்ச்ல கோல் கம்பத்துல பட்டதைத்தானே குத்திக் காட்டுற?

மார்னி: நான் வாயே திறக்கல. நீயா சொல்ற.

கன்னர்: ரெண்டு விரல் உள்ள வந்திருந்தா கோல். எங்க டீம் அடுத்த சுற்று. இன்னிக்கி இந்த ஐஸையும் எடுக்க மாட்டாங்க.

வெர்ன்: ஏய், ரெண்டு பேரும்! நாலு மணிக்கு வண்டியைக் கொண்டாந்து ஐஸை வழிக்க ஆரம்பிச்சிருவேன். அப்புறம் செப்டம்பர் வரைக்கும் வெறும் சிமெண்டுதான். சொல்லிட்டேன்!

மார்னி: இன்னும் அரை மணி கிடக்கு, வெர்ன்!

வெர்ன்: இருபத்தெட்டு நிமிஷம். ஆமா... காலையில என் ஸ்க்ரூ டிரைவரை வாங்கிட்டுப் போனியே, எங்க?

மார்னி: சாமான் அறையில, மேஜை மேல. எடுத்துக்கோங்க.

கன்னர்: உனக்கு எதுக்கு ஸ்க்ரூ டிரைவர்?

மார்னி: அலமாரிக் கதவு ஆடுச்சு. சாமான் அறை வேலைக்குன்னு காலேஜ்ல சம்பளம் வாங்குறேன்ல? எதையாவது திருகணுமே. ஆமா... நீ உடை மாத்துற அறைக்குப் போனியா?

கன்னர்: இல்ல. ஸ்கேட், மட்டை எல்லாம் கார்லயே கிடந்துச்சு. ஏன்?

மார்னி: சும்மா. பெயிண்ட் அடிக்கிறாங்க. போகாத, சட்டையில ஒட்டிக்கும்.

கன்னர்: மார்னி, இது விளையாட்டு இல்ல. நாலு மணிக்கு கிளப்லேர்ந்து ஃபோன் வரும். வர்றேனா, கடைசி வருஷத்தையும் இங்கயே முடிக்கிறேனா... ஒரு பதில் சொல்லணும்.

மார்னி: பெரிய லீக்குக்கு ஆளெடுக்குற டிராஃப்ட்ல ஏழாவது ஆளா உன் பேரைக் கூப்பிட்டாங்க. ரெண்டு வருஷமாக் காத்துக்கிட்டு நிக்கிறாங்க. இதுல பதில் வேற யோசிக்கணுமா?

கன்னர்: ரெண்டு வருஷம் நின்னவங்க மூணாவது வருஷமும் நிக்கட்டுமே.

மார்னி: அடி முதல்ல.

கன்னர்: இந்தா!

மார்னி: கையுறைக்குள்ள. ஒண்ணு.

கன்னர்: அது சும்மா, கை சூடு பண்றதுக்கு.

மார்னி: பெக்மேன் இப்படித்தான் சொன்னான். "இன்னும் ஒரு வருஷம் காலேஜ்ல ஆடுறேன்"னு. அக்டோபர்ல முட்டி போச்சு. இப்போ டுலூத்ல படகு விக்கிறான்.

கன்னர்: படகு நல்லா விக்கிறானாம்.

மார்னி: கன்னர்...

கன்னர்: சரி, அப்போ ஊஸ்டலோவை எடுத்துக்க. ஒரே வருஷத்துல பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுட்டு ஓடினான். என்னாச்சு? மூணு வருஷமா சின்ன லீக்ல, பஸ்லயே தூங்கி பஸ்லயே முழிக்கிறான். காலேஜ் ஐஸ்ல திரும்ப ஆட முடியுமா? ஒரு பயிற்சி ஆட்டம்கூட முடியாது. கையெழுத்துப் போட்டா போட்டதுதான்.

மார்னி: அவன் எழுபதாவது ஆளு. நீ ஏழாவது. உன்னை பஸ்ல ஏத்த மாட்டாங்க.

கன்னர்: உனக்கு நான் போயிடணும்னு அவ்வளவு ஆசையா?

மார்னி: என் வாசல்ல ஒருத்தர் பேனாவோட வந்து நின்னா, நான் அந்தப் பேனாவைத் திருப்பிக்கூட குடுக்க மாட்டேன். அதான் சொல்றேன்.

கன்னர்: வருவாங்க. நீ அடுத்த வருஷம் படிப்பை முடி, வரிசையில வருவாங்க.

மார்னி: ம்... வட்டை எடு. இரு, இரு...

கன்னர்: சொல்லிட்ட! ரெண்டு தடவை!

மார்னி: கால் கவசத்துல வார் அவுந்துருச்சுடா! கட்டிக்கிறேன்னு சொன்னேன்!

கன்னர்: அதெல்லாம் தெரியாது. வெர்ன்! நீங்க சாட்சி! இவ "இரு"ன்னு சொன்னா!

வெர்ன்: நான் யாருக்கும் சாட்சி இல்ல. எனக்கு இருபத்திரெண்டு நிமிஷம்.

மார்னி: அந்த "இரு" வேற, நீ கேக்குற "இரு" வேற.

கன்னர்: காதுல ஒரே மாதிரிதான் விழுது.

மார்னி: இனிமே உன்கிட்ட "நில்லு"ன்னுதான் சொல்லுவேன். "பொறு"ன்னு சொல்லுவேன். போதுமா? கட்டியாச்சு. அடி.

கன்னர்: ...ச்சே!

மார்னி: கால்ல. ரெண்டு.

கன்னர்: சொன்னா என்ன குறைஞ்சிரும் உனக்கு? ஒரே ஒரு தடவை.

மார்னி: சொன்னா நீ கேட்டுருவ. அதான் பயம். அப்புறம் ஜனவரியில உன் தோள்பட்டை கழண்டுச்சுன்னு வை, உங்கம்மா யாரைப் பார்ப்பாங்க? சர்ச்ல பின்னாடி பெஞ்சுலேர்ந்து என் முதுகை முறைச்சே ஓட்டை போட்டுருவாங்க.

கன்னர்: எங்கம்மாவுக்கு உன்னைப் பிடிக்கும்.

மார்னி: இப்போதைக்கு.

கன்னர்: மூணு வருஷம், மார்னி. ஆட்டம் இல்லாத ஞாயித்துக்கிழமை எல்லாம் உறைஞ்ச ஏரிமேல, அந்தத் தகரக் குடிசையில, ஐஸ்ல ஓட்டை போட்டுக்கிட்டு நீயும் நானும். நீ ஒரு மீனுகூட பிடிச்சதில்ல.

மார்னி: பேசுறவன் பக்கத்துல உக்காந்தா எந்த மீனு வரும்?

கன்னர்: உங்க அத்தை கறியும் கிழங்கும் அடைச்சு சுட்டுக் குடுக்குற பேஸ்டியை அந்த அடுப்பு மேல வச்சு சூடு பண்ணி... கறி பக்கத்தை நீ தின்னுட்டு, உருளைக்கிழங்கு பக்கத்தை எனக்குத் தள்ளுவ.

மார்னி: உனக்கு உருளைக்கிழங்கு பிடிக்கும்னு நினைச்சேன்.

கன்னர்: பிடிக்கவே பிடிக்காது.

மார்னி: மூணு வருஷமா தின்னியே!

கன்னர்: தின்னேன்ல? அதுலயே புரிய வேணாமா?

மார்னி: முகமூடிக்குள்ள வேர்க்குது. அடி.

கன்னர்: இந்தா... ஐயையோ! பட்டுருச்சா? நெஞ்சுலயா?

மார்னி: ஒண்ணும் இல்ல. கவசம் எதுக்கு இருக்கு? மூணு.

கன்னர்: அது என்ன சத்தம்? "டொக்"குன்னு கேட்டுச்சு. பஞ்சுல பட்ட மாதிரி இல்லையே.

மார்னி: எனக்கு நெஞ்சு கல்லுன்னு நீதானே ஊரெல்லாம் சொல்ற?

கன்னர்: காட்டு, பாப்போம்...

மார்னி: கிட்ட வராத! நாலாவது வட்டு எங்க? வெர்ன் வண்டியைக் கிளப்பிட்டார் பாரு.

வெர்ன்: சும்மா எஞ்சினை சூடு பண்றேன். எவ்வளவு நேரம்தான் இருக்கப் போறீங்க? சீக்கிரம் ஆகட்டும். பதிமூணு நிமிஷம்.

கன்னர்: நம்ம ஊர்ல விருந்துக்குப் போனா, கிளம்பும்போது "சரி, அப்போ..."ன்னு சொல்லிட்டு வாசல்ல முக்கால் மணி நேரம் நிப்போம்ல? எங்கப்பா காரை ஸ்டார்ட் பண்ணிட்டு வந்து, திரும்ப ஒரு காபி குடிப்பார்.

மார்னி: எங்க வீட்ல எங்கப்பா கோட்டைப் போட்டுக்கிட்டே ரெண்டாவது துண்டு கேக் தின்னிருக்கார்.

கன்னர்: நானும் இப்போ அப்படித்தான். "சரி, அப்போ"ன்னு மட்டும்தான் சொல்லியிருக்கேன். கோட்டு மாட்டல. யாராவது ஒரு காபி ஊத்தினா உக்காந்துருவேன்.

மார்னி: காபி ஆறிப் போச்சு, கன்னர். உனக்குத் தெரியுமா... போன கோடையில உங்கப்பா சுரங்கத்துலேர்ந்து வந்து, எங்க பெட்ரோல் பங்க்ல நின்னு, நீ டி.வி.யில வருவியா வருவியான்னு எங்கப்பாகிட்ட எத்தனை தடவை கேட்டார்னு?

கன்னர்: எத்தனை?

மார்னி: டேங்க் நிரம்பி வழியுற வரைக்கும். அந்த மனுஷனுக்காகவாவது போ. பெரிய ஊரு, பெரிய அரங்கம், பதினெட்டாயிரம் பேர். இங்க மூவாயிரம் பேரு, அதுல பாதி பேர் உங்க சொந்தக்காரங்க.

கன்னர்: அந்த மூவாயிரத்துல கோலுக்குப் பின்னாடி, மூணாவது வரிசையில, டீ ஃபிளாஸ்க்கோட ஒருத்தி உக்காந்திருப்பா. ஒவ்வொரு தடவையும் கோல் போட்டுட்டு நான் அங்கதான் பாப்பேன்.

மார்னி: ...அடிடா.

கன்னர்: அந்தப் பதினெட்டாயிரத்துல எங்க பாக்குறது?

மார்னி: அடின்னு சொன்னேன்.

கன்னர்: இந்தா!

மார்னி: கம்பம்! திரும்பவும் கம்பம்! நாலு. உனக்கும் அந்தக் கம்பத்துக்கும் ஏதோ உறவு.

கன்னர்: கடைசி ஒண்ணு. இது உள்ள போச்சுன்னா சொல்லணும். வார் கட்டுற "இரு" இல்ல. நெஜ "இரு".

மார்னி: உள்ள போனாதானே.

கன்னர்: சத்தியமா?

மார்னி: அஞ்சு வட்டுன்னு நீதான் சொன்ன. நான் மறுக்கலையே.

வெர்ன்: ஆறு நிமிஷம்!

கன்னர்: வர்றேன்... நேரா வர்றேன், பாத்துக்க... இந்தா!

மார்னி: ம்.

கன்னர்: உள்ள போச்சு.

மார்னி: பார்த்தேன்.

கன்னர்: நீ அசையவே இல்ல.

மார்னி: கால் வழுக்கிருச்சு.

கன்னர்: மூணு வருஷத்துல உனக்கு வழுக்கி நான் பார்த்ததே இல்ல. குழந்தைகூட பிடிக்கிற வட்டு அது. வேணும்னே விட்ட!

மார்னி: போட்டதை ஒத்துக்கோடா. பந்தயம் பந்தயம்தான். முகமூடியைக் கழட்டிக்கிறேன்... சொல்லட்டுமா?

கன்னர்: வேணாம்!

மார்னி: என்ன வேணாம்? அரை மணி நேரமா உயிரை எடுத்த...

கன்னர்: சொல்லாத, மார்னி. நான் ஏமாத்திட்டேன். நாலு மணிக்கு எந்த ஃபோனும் வராது... காலையில ஒன்பது மணிக்கே கையெழுத்துப் போட்டுட்டேன். ஓட்டல்ல, காபி ஆர்டர் பண்றதுக்கு முன்னாடியே. ராத்திரி எட்டு மணிக்கு ஃபிளைட்டு. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. போறதுக்குள்ள ஒரே ஒரு தடவை... நான் இருந்தா நல்லாயிருக்கும்னு யாராவது... யாராவது இல்ல, நீ. நீ சொல்லிக் கேக்கணும்னு இருந்துச்சு. தப்புதான். திட்டு.

வெர்ன்: நாலாச்சு! வண்டி உள்ள வருது!

மார்னி: ரெண்டே நிமிஷம், வெர்ன்... கன்னர், எனக்குத் தெரியும். பத்து மணிக்கு கோச் வந்து ஒரு லிஸ்ட்டைக் குடுத்தார், போறவங்க பேர்ப்பலகையை எல்லாம் அவங்கவங்க அலமாரியிலேர்ந்து கழட்டச் சொல்லி. நாலு பேர் கடைசி வருஷம். அஞ்சாவது, உன் பேரு. ஸ்க்ரூ டிரைவர் அதுக்குத்தான். நாலு பலகையைப் பெட்டியில போட்டேன், உன்னதைப் போட முடியல... இதோ, நெஞ்சுக் கவசத்துக்குள்ள வச்சிருந்தேன். பாரு, உன் மூணாவது வட்டு உன் பேரையே ரெண்டாக் கீறிருச்சு. நேத்தே கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன், சொன்னா நீ நின்னுருப்ப. இப்போ சொன்னா எதுவும் கெடாது, இல்ல?... இரு, கன்னர். இரு.