சிங்காநல்லூர்க் குளக்கரையில் எழுதிய 212-வது துண்டு

என் பெயர் லட்சுமணசாமி. தகப்பனார் பெயர் வெங்கிடசாமி. வயது அறுபத்து நான்கு. கோயமுத்தூர் தாலூகா பீளமேட்டில், மாரியம்மன் கோயிலுக்கு மேற்கே மூன்றாவது வீட்டில், மனைவி அம்புஜத்துடன் குடியிருக்கிறேன். கோர்ட்டு மொழிபெயர்ப்பாளராக இருபத்தொன்பது வருஷம் வேலை பார்த்து 1932-ல் ஓய்வு பெற்றேன். பிறருடைய வாக்குமூலங்களை இங்கிலீஷில் எழுதியிருக்கிறேனே தவிர, நானே வாக்குமூலம் கொடுப்பது இதுவே முதல் தடவை. ஆகையால் ஏதாவது முன்பின்னாகச் சொன்னால் திருத்திக்கொள்ள அனுமதி கேட்டேன், கோர்ட்டார் கொடுத்தார்கள். 1937-ம் வருஷம் ஜனவரி மாதம் 25-ந் தேதி திங்கட்கிழமை சத்தியப் பிரமாணம் செய்துகொண்டு கீழ்க்கண்டபடி சொல்கிறேன்.

எதிரிக் கூண்டில் நிற்கும் காளிச்சாமியை எனக்கு இந்த மாதம் 21-ந் தேதி வியாழக்கிழமைக்கு முன்பு தெரியாது. அவர் பெயர் தெரிந்ததும் 23-ந் தேதிதான். அன்னூர் நஞ்சப்பன் தோட்டத்துக் கிணற்றில் புதிதாக வைத்த கரண்டு பம்ப்செட்டின் ஸ்டார்ட்டர் பெட்டி, 21-ந் தேதி மாலை ஐந்து மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில் காணாமல் போயிற்று என்றும், அன்று காலை அந்தப் பம்ப்செட்டைப் பூட்டிக் கொடுத்த ஃபிட்டர் காளிச்சாமியே திரும்பி வந்து பெட்டியைக் கழற்றிக்கொண்டு போனார் என்றும் போலீசார் சொல்வதாக அறிகிறேன். மாலையில் எங்கே இருந்தாய் என்று கேட்டதற்கு "சும்மா சுத்தீட்டு இருந்தேனுங்க" என்பதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை என்றும் அறிகிறேன். அந்த நேரத்தில் அவர் அன்னூரில் இல்லை. அங்கிருந்து இருபது மைல் தள்ளி, சிங்காநல்லூர்க் குளக்கரையில் என் எதிரில் இருந்தார்.

நான் குளக்கரைக்கு ஏன் போனேன் என்பதையும் சொல்ல வேண்டும். சொல்லக் கூச்சமாக இருக்கிறது. இங்கிலீஷில் செட் என்று மூன்றெழுத்துச் சொல் ஒன்று உண்டு. நான் வேலையில் வைத்திருந்த அகராதியில் அந்த ஒரு சொல்லுக்குப் பக்கம் பக்கமாகப் பொருள் போட்டிருக்கும். வேலை நெருக்கடியில் அதை முழுவதும் படிக்க எனக்கு நேரம் கிடைத்ததில்லை. 1935 ஜனவரியில், பற்கள் எல்லாம் விழுந்து போனதால் பெரிய கடை வீதியில் பல் டாக்டரிடம் போனேன். அவர், "உங்க செட் வந்தாச்சுங்க, வாயத் தொறங்க" என்றார். அதன் பிறகு பஸ்ஸில் ஒருவர் மகள் கல்யாணத்துக்கு நாயன செட் பேசிய கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். அதன் பிறகு வீட்டுக்கு வந்தால், அம்புஜம் விருந்தாளிகளுக்காகப் பக்கத்து வீட்டில் காபி செட் இரவல் கேட்டுக்கொண்டிருந்தாள். என் வாயில் இருப்பதற்கும், பந்தலில் ஊதுவதற்கும், காபி ஊற்றிக் கொடுப்பதற்கும் ஒரே சொல் போதுமானதாக இருந்தது. அன்று சாயங்காலம் முதல் துண்டுச் சீட்டை எழுதினேன்.

அன்று முதல், இந்த ஜில்லாவில் அந்தச் சொல்லை எவர் எப்படிச் சொல்லக் கேட்டாலும் துண்டுச் சீட்டில் எழுதி, நம்பர் போட்டு, நூலில் கோத்து வைக்கிறேன். இதற்கு எனக்கு நானே சில விதிகள் வைத்திருக்கிறேன். கேட்டு வாங்கிய பேச்சு இயல்பான பேச்சு ஆகாது என்பதால் யாரிடமும் கேட்கக் கூடாது. சொன்னதைச் சொன்னபடியே, அந்த இடத்திலேயே எழுத வேண்டும். நாள், இடம், மணி, சொன்னவரின் அடையாளம் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். ஒருவருக்கும் சங்கடம் வரக்கூடாது என்று பெயரை மட்டும் எழுதுவதில்லை. இந்த வழக்கில் அதுவே எனக்குக் குறையாகப் போயிற்று.

கொத்தனார் ஒருவர், காரை செட் ஆக மூன்று நாள் ஆகும், அதுவரை மேலே ஏறாதே என்று தம் மாமியாரை அதட்டியது 19-வது துண்டு. லாடம் கட்டுகிறவர் காளைக்கு ஒரு செட் லாடம் என்றது 40. சினிமா எடுக்கிற இடத்துக்கு வெளியே ஒரு தச்சர், ராத்திரி மழையில் அயோத்தி செட் நனைந்து ஊதிப்போனதாக வருத்தப்பட்டது 87. பிள்ளை கெட்ட செட்டோடு சேர்ந்துவிட்டான் என்று சந்தையில் ஒரு தாயார் அழுததும் இருக்கிறது, அதன் நம்பர் இப்போது ஞாபகம் இல்லை. இப்படி நின்று நின்று எழுதுவதால் ஜனங்கள் என்னைச் சந்தேகிப்பது உண்டு. ஒரு பஸ் டிரைவர், "ஏனுங்க, சி.ஐ.டி.ங்களா?" என்று கேட்டார். அதற்குக் கண்டக்டர், "சி.ஐ.டி.யா இருந்தா இப்பிடிப் பயந்து பயந்தா எழுதுவாரு? வரி போடற ஆபீசருங்க. எல்லாரும் வாய மூடீட்டு உக்காருங்க" என்றார். அந்த பஸ்ஸில் எனக்கு ஒரு துண்டும் கிடைக்கவில்லை.

21-ந் தேதி வியாழக்கிழமை மாலை சிங்காநல்லூரில் ஒரு மில் கேட்டுக்கு வெளியே நின்றேன். ஐந்து மணிச் சங்கு ஊதியதும் மில் வாட்ச்மேன் இன்னொருவரிடம், "சங்குக்குக் கடியாரத்த செட் பண்ணுங்க, உங்க கடியாரம் பழனிக்குப் போயிட்டு வருது" என்றார். அதை 211-வது துண்டாக எழுதிக்கொண்டு, அவர் பேச்சைக் கேட்டு என் கடிகாரத்தையும் அந்தச் சங்குக்குச் சரி செய்துகொண்டேன். அதன் பிறகு நடந்து குளக்கரைக்குப் போய், மதகுக்குப் பக்கத்துப் படியில் உட்கார்ந்தேன். அப்போது மேலே கரையில் ஓர் இளைஞரும் ஒரு பெண்ணும் வந்து நின்றார்கள். அவர்கள் என்னைக் கவனிக்கவில்லை. நான் எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. அது என் தப்பு.

இளைஞர், "மேட்டுப்பாளையத்து நாயன செட்டு சொல்லீருக்கேன் அம்மணி, சுத்துப்பட்டுல யாரு கண்ணாலத்துக்கும் அப்பிடி ஊதியிருக்க மாட்டாங்க" என்றார். அதற்கு அந்தப் பெண், "நாயன செட்டு கெடக்குது மாமா. ஊரூராப் போயிப் பூட்டறீங்களே பம்ப்செட்டு, அதுல ஒண்ண நம்மூட்டு வாசல்ல வெய்யுங்க. கொடந் தூக்கித் தூக்கி இடுப்பு ஒடிஞ்சுபோச்சு" என்றார். இளைஞர், "பம்ப்செட்டு கல்யாணி ராகம் ஊதுமா?" என்றார். பெண், "உங்க நாயன செட்டு தண்ணி எறைக்குமா?" என்றார்.

இரண்டு வருஷத்தில் 211 துண்டு எழுதிய எனக்கு, ஒரே மூச்சில் இரண்டு பொருளும் எதிரும் புதிருமாக நின்று சண்டை போட்டது அன்றுதான் கிடைத்தது. ஆகையால் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். என் மேல் பல் செட் கழன்று குளத்தில் விழுந்தது.

நான் பல் இல்லாத வாயால் கூப்பிட்டது அவர்களுக்கு விளங்கவில்லை. தண்ணீரைக் கையால் காட்டினேன். இளைஞர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் ஆழத்தில் இறங்கி, சேற்றில் துழாவினார். முதலில் ஒரு நத்தை ஓட்டை எடுத்து, "இதுங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அதன் பிறகு சரியானதை எடுத்து, "இந்தாங்கய்யா உங்க செட்டு. பல்லெல்லாம் சரியா இருக்குதான்னு பாத்துக்கங்க" என்று என் கையில் கொடுத்தார். அந்தப் பெண், "நல்லாக் கழுவிப்போட்டுப் போடுங்கய்யா, உள்ளார நண்டு கிண்டு குடியிருக்கும்" என்றார். அதன் பிறகு நாங்கள் மூவரும் சேர்ந்து சிறிது நேரம் சிரித்தோம். பல்லைப் போட்டுக்கொள்வதற்கு முன்பே, என் விதிப்படி, மூன்று செட்டையும் ஒரே சீட்டில் 212-வது துண்டாக எழுதினேன். அப்போது மணி ஐந்து இருபத்தைந்து. இளைஞரின் அடையாளமாக, நீலச் சட்டை என்றும், சுத்தியல் அடி பட்டு வலது கட்டைவிரல் நகம் கறுத்தது என்றும் எழுதியிருக்கிறேன்.

23-ந் தேதி சனிக்கிழமை பீளமேட்டில் காபி கிளப்பில் உட்கார்ந்திருந்தபோது, பம்ப்செட் பட்டறையில் வேலை செய்யும் மயில்சாமி என்பவர், பம்ப்செட்டு கேஸில் காளிச்சாமியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று பேசிக்கொண்டிருந்தார். பம்ப்செட் என்பதற்கு ஏற்கெனவே என்னிடம் முப்பத்தொரு துண்டு இருந்ததால் நான் எழுதவில்லை. ஆனால், "புதன்கெழம கண்ணாலம், இவன் வாயத் தொறக்க மாட்டேங்கறான். தோட்டத்துல கூலிக்குப் போற குடும்பத்துல மொதமொத ஃபிட்டர் ஆனவன். கட்டவெரல நசுக்கி நசுக்கித் தொழில் படிச்சான். கேஸ் ருசுவாயிப்போச்சுன்னா முதலாளி மறுபடி பட்டறைக்குள்ளார உடுவாரா?" என்று அவர் சொன்னதும், இரண்டு வருஷ விதியை மீறி வாய் திறந்து கேட்டேன். எந்தக் கட்டைவிரல் என்று கேட்டேன். வலது என்றார்.

அதன் பிறகு வீட்டுக்குப் போய்த் துண்டை எடுத்துப் படித்தேன். நீலச் சட்டை ஊரில் எத்தனையோ பேருக்கு இருக்கும், நகம் கறுத்த ஃபிட்டர் இன்னொருவரும் இருக்கலாம், என் கடிகாரமும் நாளுக்கு மூன்று நிமிஷம் பின்தங்குவது, ஆகையால் நான் போய்ச் சொல்வது சரியா என்று சாப்பிடாமல் யோசித்துக்கொண்டிருந்தேன். அம்புஜம் என்ன விஷயம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, "ஏனுங்க, ரெண்டு வருசமா ஊட்டுல இருக்கற காயிதத்த எல்லாம் துண்டு துண்டாக் கிழிச்சுப் பொட்டி நெறைய வெச்சிருக்கறீங்களே, அதுல ஒரு துண்டாச்சும் ஒரு மனுசனுக்கு ஆகட்டுமுங்க" என்றாள். எனக்கும் அது நியாயமாகப் பட்டது.

ஆனால் கல்யாணம் நிச்சயமான பிறகு தாலி கட்டும் வரைக்கும் பெண்ணும் மாப்பிள்ளையும் தனியே பார்த்துப் பேசுவது அவர்கள் வழக்கத்தில் இல்லை. பேசியது தெரிந்தால் பெண்ணின் பெயர் கெடும் என்றுதான் காளிச்சாமி வாயை மூடிக்கொண்டு இருக்கிறார் என்பதை ஊகித்தேன். பெண்ணைக் கேட்காமல் கோர்ட்டில் சொல்வது முறையல்ல. ஆகவே 24-ந் தேதி காலை, மயில்சாமியிடம் வழி விசாரித்து, அம்புஜத்தையும் கூட்டிக்கொண்டு சிங்காநல்லூரில் பெண் வீட்டுக்குப் போனேன். பெண்ணின் பெயர் பாவாத்தாள். தாயார் சின்னாத்தாள் வாசலில் இருந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று நான் தயங்கியபோது பாவாத்தாள் வெளியே வந்து என்னைப் பார்த்துவிட்டு, "அய்யோ, பல்லு ஐயா!" என்று சிரித்தார். அதற்குப் பிறகு மறைக்க வழியில்லை. எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்.

சின்னாத்தாள் மகளைப் பார்த்து, "புல்லறுத்துட்டு வாரேன்னு போயிட்டு வெறுங்கையோட வந்தியே, அந்தப் புல்லுக்குத்தான் நீலச் சட்டையா?" என்றார். பாவாத்தாள் தலை குனிந்தார். பிறகு நிமிர்ந்து, "எம்பட பேருக்காக அவரு ஜெயிலுக்குப் போவோணுமா ஆத்தா? ஐயா, நீங்க போயிச் சொல்லுங்க. நானும் வந்து சொல்றேன்" என்றார். சின்னாத்தாள் திண்ணையில் ஒரு பாயை எடுத்து விரித்தார். அதன் பிறகு அம்புஜத்திடம், "உக்காருங்கம்மா, மோர் குடிச்சுட்டுப் போங்க. பேசுனது பேசியாச்சு, தாலிய முந்திக் கட்டச் சொல்லீட்டாப் போச்சு" என்றார். பாவாத்தாள் இன்று கோர்ட்டு வராந்தாவில் தாயாருடன் இருக்கிறார்.

பிராசிகியூட்டிங் இன்ஸ்பெக்டர் கேட்டதற்குச் சொல்வது: துண்டைப் பிற்பாடு எழுதிச் சேர்க்கவில்லை. 211-க்கும், மறுநாள் எழுதிய 213-க்கும் நடுவில் அது ஒரே நூலில் கோத்திருக்கிறது. 212-ன் வலது மூலையில் மை பென்சில் எழுத்து ஊதா நிறமாகப் பரவியிருப்பது குளத்துத் தண்ணீரால். கடிகாரத்தைச் சங்குக்குச் சரி செய்து இருபத்தைந்து நிமிஷம்தான் ஆகியிருந்தது, அதற்குள் அது அதிகம் பின்தங்கியிருக்காது. இந்த வேலைக்கு யாரும் எனக்கு ஒன்றும் கொடுப்பதில்லை. ஒரு சின்னச் சொல் இத்தனை பேர் வீட்டில் இத்தனை வேலை செய்வதைக் கேட்க எனக்குச் சந்தோஷமாக இருக்கும். வேறு காரணம் இல்லை. தண்ணீரில் விழுந்ததாகச் சொல்லும் பல் செட் எங்கே என்றால், அது இப்போது என் வாயில் இருக்கிறது. அதைக் கழற்றிக் கோர்ட்டில் வைத்தால் மேற்கொண்டு வாக்குமூலம் சொல்ல முடியாது, கடைசியில் வேண்டுமானால் வைக்கிறேன் என்று கேட்டுக்கொண்டேன். கோர்ட்டார் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு, தேவையில்லை என்றார்கள்.

கோர்ட்டார் உத்தரவின்படி எதிரி கூண்டுக் கம்பி மேல் வலது கையை வைத்துக் காட்டினார். கட்டைவிரல் நகம் கறுத்திருக்கிறது. நான் பார்த்த இளைஞர் இவரே. அச்சமயம் பின்னால் உட்கார்ந்திருந்த பிராது கொடுத்த நஞ்சப்பன் எழுந்து, "அப்ப இவனில்லீங்க சாமி. எம்பட பொட்டிய வேற எவனோதான் தூக்கீட்டுப் போயிருக்கோணும். கண்ணாலத்துக்குள்ளார இவன உட்டுப்போடுங்க, எம்பட பம்ப்செட்ட இவன் வந்துதான் மறுபடி ஓட்டித் தரோணும்" என்றார். கோர்ட்டார் அவரை உட்காரச் சொன்னார்கள். எதிரி கூண்டிலிருந்தே என்னைப் பார்த்து, "ஐயா, புதன்கெழம வெடியால ஆறு மணிக்கு நாயன செட்டு வந்துருமுங்க, அம்மாளையும் கூட்டீட்டு வந்துருங்க" என்றார். கோர்ட்டார் அவரையும் பேசாமல் இருக்கச் சொன்னார்கள். எதிரி சொன்னதை ஒரு துண்டில் குறித்துக்கொள்ள அனுமதி கேட்டேன். வாக்குமூலம் முடிந்த பிறகு ஆகட்டும் என்று உத்தரவாயிற்று.

212-வது துண்டை எதிரி தரப்புச் சான்றாகக் கோர்ட்டில் ஒப்படைக்கிறேன். வழக்கு முடிந்த பிறகு அதை என்னிடம் திருப்பித் தர வேண்டியதில்லை. பாவாத்தாள் அதைக் கேட்டிருக்கிறார். படிக்கத் தெரியாதே என்றதற்கு, அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது தனக்குத் தெரியும் என்றும், கல்யாணப் பெட்டியில் வைக்கப் போவதாகவும் சொன்னார். எனக்கு நகல் போதும். நகலில் அந்தத் தண்ணீர்க் கறை இருக்காது. இருக்கட்டும்.

மேலே எழுதியிருப்பதை எனக்குப் படித்துக் காட்டக் கேட்டேன். இரண்டு இடத்தில் நானே சந்தேகப்பட்டு மறுபடி படிக்கச் சொன்னேன். இரண்டும் சரியாகவே இருந்தன. முழுவதும் நான் கண்டது, கேட்டது, சொன்னது, எல்லாம் உண்மை.

(ஒப்பம்) வெ. லட்சுமணசாமி