பழுப்பேறிய தகடு

இந்தக் காலத்தில் கண்ணால் பார்த்ததை எவரும் நம்புவதில்லை. நாலு புத்தகம் படித்தவர் சொன்னால்தான் நம்புகிறார்கள். நான் அப்படி வளரவில்லை.

புற்றுநோய் மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு முப்பத்தோரு வருட வேலை. கட்டியிலிருந்து சீவிய சதையைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டிச் சாயம் ஏற்றுவேன். தகட்டின் ஓரத்தில் நோயாளியின் எண்ணைப் பென்சிலால்தான் எழுதுவோம். பேனா மை மருந்தில் கரைந்துவிடும். பென்சில் எதற்கும் கரையாது. ரப்பருக்கு மட்டும் பயப்படும்.

ஒருநாள் டாக்டரம்மா மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். செல்லின் கருவுக்குள் ஒரு புரதம் காவல் இருக்கிறதாம். செல் கெட்டுப்போய்ப் பெருகப் பார்த்தால் பிடித்து நிறுத்துமாம். அது இருக்கும் இடம் சாயத்தில் பழுப்பாகத் தெரியுமாம். மீதியைக் கேட்க நான் நிற்கவில்லை. எனக்கு வேலை இருந்தது.

பிறகு என் வீட்டுக்காரிக்கு மார்பில் கட்டி வந்தது. அவள் தகட்டுக்கு நானே சாயம் ஏற்றினேன். வெளிறிக் கிடந்தது, காவலுக்கு ஒரு ஆளைக் காணோம். பக்கத்தில் ஒரு தையல்காரம்மாவின் தகடு, கருவுக்குக் கரு பழுப்பு. ஒருத்திக்குப் பட்டாளம், இன்னொருத்திக்கு ஆளே இல்லை என்றால் அது என்ன நியாயம்? இரண்டு எண்களையும் அழித்து மாற்றி எழுதினேன். ஒரு நிமிட வேலை.

தையல்காரம்மாவுக்குக் கட்டியை மட்டும் வெட்டியெடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். "தப்பிச்சிட்டேன் அண்ணே" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். என் வீட்டுக்காரிக்குக் கடுமையான மருந்தை ஏற்றினார்கள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்தது, டாக்டர்கள்மேல்.

நாலாவது தடவை ஏற்றியபோது, "ஏங்க, நோய்கூட இப்படிப் படுத்தல. வைத்தியம்தான் ஆளத் தின்னுது" என்றாள்.

"பொறுத்துக்க. உனக்கு உள்ள நல்ல காவல் இருக்கு" என்றேன்.

ஆறாவதை அவள் தாங்கவில்லை. தையல்காரம்மா ஏழு மாதம் கழித்து நுரையீரல் நிறையக் கட்டியோடு திரும்பி வந்தாள். அவளும் போய்விட்டாள்.

அந்தப் புதுக் கட்டியில் சாயம் அடர்த்தியாக ஏறியது. பழைய தகட்டோடு ஒப்பிட்டுப் பார்த்த டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். நான் மறைக்கவில்லை. மாற்றியது நான்தான் என்றேன். இரண்டு தகடுகளையும் என் முன்னால் நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்.

"பெரியவரே, நல்ல புரதம் வந்த வேலைய முடிச்சிட்டு அழிஞ்சு போயிடும். அதான் வெளிறித் தெரியும். கெட்டுப்போனதுதான் வேலையும் செய்யாம, போகவும் போகாமக் குவிஞ்சு கிடக்கும். உங்க வீட்டம்மாவுக்கு அந்த மருந்தே வேண்டியதில்ல."

கண்ணில் படாதவன் நல்ல காவல்காரனாம். கூட்டமாக நிற்பவன் கெட்டவனாம். தங்கள் வைத்தியம் பலிக்காவிட்டால் படித்தவர்கள் இப்படித்தான் பேசுவார்கள். நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே நடந்தேன். எனக்கு ஒரே வருத்தம்தான். இன்னும் கொஞ்சம் பழுப்பேறிய தகடாகப் பார்த்து எடுத்திருக்கலாம்.