ரெண்டாவது நிக்காது

— அறிவு கீதாய்யா உனுக்கு? ஏத்தத்துல பாதி வந்துட்டு எவனாவது கியர் மாத்துவானா?

— தெரியாம ரெண்டாவதுக்கு மாத்திட்டேன் சார். கழண்டுக்கிச்சி. இஞ்சினும் நின்னுபோச்சி.

— தெரியாம மாத்தறதுக்கு நீ இன்னா நேத்து லைசென்ஸ் எடுத்தவனா சடையப்பா? கீழ தரையில நிக்க சொல்லவே ஃபர்ஸ்ட்ட போட்டுக்கணும். மேல போய் சேர்ற வரைக்கும் அந்தக் கியர் கம்பியத் தொடவே கூடாது. ஒரே மூச்சு! கொல்லிமலை எழுபது வளைவும் லோடோட ஏத்தினவன் நானு. ஒரு தபா, ஒரே ஒரு தபா வண்டி பின்னால வந்திருக்குமா?

— கொல்லிமலை மேல ஏர்ற மலை, முத்துவேல் சார். நம்முது கல்குவாரி பள்ளம். சாலவாக்கம் வரைக்கும் தெரியற மாதிரி நின்ன மலைய ஒடச்சி லாரில ஏத்தி அனுப்பிட்டு, இப்ப அது நின்ன குழிலருந்து ஏறிக்கினு கீறோம்.

— மலை புராணம் உன்னைக் கேட்டனா? பிரேக்ல கால் கீதா?

— கீது சார். பிரேக்கு காத்து வேற எறங்கிக்கினே கீது. மீட்டர் முள்ளு செவப்புக்கு வந்துடுச்சி.

— ஹேண்ட் பிரேக்கு?

— அது எந்த காலத்துல புடிச்சிது? கேட்டப்பல்லாம் அடுத்த மாசம் பாக்கலாம், அடுத்த மாசம் பாக்கலாம்னீங்க.

— அத்த அப்பால பேசிக்கலாம். டேய் ஜான்சா! உன் வண்டிய கீழயே நிறுத்துடா! ஏறிக்கினு வந்துடாத, இவன் உருண்டான்னா நீயும் சேந்து பூடுவ! ...பாரு, உன் ஒருத்தனால அத்தினி வண்டியும் குழிக்குள்ள நிக்குது. இருக்கறது ஒரே வழி. அதுல நடுவுல வந்து படுத்துக்கினியே, படுபாவி!

— கியர்ல போட்டு வுட்டா நிக்கும்னு பாத்தேன் சார். கம்பி ரெண்டுங்கெட்டானா மாட்டிக்கினு அசைய மாட்டேங்குது. ஸ்டார்ட் பண்ணி தட்டிப் பாக்கட்டுமா?

— ஸ்டார்ட் பண்ணிடாத! வண்டி ஒரு குலுக்கு குலுக்கிச்சின்னா உன் பிரேக் தாங்காது. நீ நவுரு, நான் ஏறி வரேன்.

— எப்பிடி சார் நவுர்றது? கால எடுத்தா போச்சி.

— அந்தாண்ட கதவுல ஏர்றேன்.

— அது தொறக்காது சார். தாழ்ப்பா ஒடஞ்சி கம்பி போட்டுக் கட்டி வச்சிக்கிறேன்.

— த்தூ! ஒடஞ்ச வண்டிக்கு ஒடஞ்ச டிரைவரு!

— வண்டி உங்குளுது சார்.

— வாய மூடு. இரு, மொதலாளி கூப்புடறாரு... ஐயா... ஆமாங்கய்யா... ஒண்ணுமில்லங்கய்யா, ஒரு வண்டி சும்மா லேசா... இல்லங்கய்யா, கிரஷர் நிக்காதுங்கய்யா, இதோ ஏறிடும்ங்கய்யா... கேட்டியா? சூப்பர்வைசர்னு எனுக்குப் பாட்டு வுழுது. ஏன்யா, இந்த வண்டில ரெண்டாவது நிக்காதுன்னு உனுக்குத் தெரியுமா தெரியாதா?

— எனுக்குத் தெரியும். நீங்கதான் சார் போலீஸ் ஸ்டேஷன்ல வண்டில ஒரு கொறையும் இல்ல, புது வண்டி கணக்கா ஓடுதுன்னு சொன்னீங்க.

— ஸ்டேஷன்ல சொல்றது வேற, ஏத்தத்துல சொல்றது வேற! ஆடி மாசத்துலருந்து ரெண்டாவது கழண்டுக்குதுன்னு நீதான என்கிட்ட வந்து அழுத? நான் இன்னா சொன்னேன்?

— இன்னா சார் சொன்னீங்க? கிரஷர் சத்தத்துல சரியா காதுல வுழல.

— செவுடா நீ? ஒரு கையால ஸ்டீரிங்கப் புடி, ஒரு கையால கியர் கம்பிய அழுத்திப் புடிச்சிக்கினு ஏறுன்னு சொன்னேன்! கியர் பாக்ஸ எறக்கினா வண்டி வாரக்கணக்கா ஷெட்டுல குந்திக்கும். மொதலாளி வுடுவாரா?

— அன்னிக்கும் அழுத்திப் புடிச்சிக்கினுதான் சார் ஏறினேன். கை வேர்த்து வழுக்கிச்சி. படக்குனு கழண்டுக்கிச்சி. பின்னால, சக்கரத்துக்கு கட்டை வைக்கற நம்ம மாசி நின்னுக்கினு இருந்தான்.

— இப்ப எதுக்கு அவன் பேச்சு?

— அவன் கால் மேல ஏறினது இந்த வண்டிதான சார்? குடிச்சவன் மாதிரி கியரத் தவற வுட்டு வழியில போனவன் மேல ஏத்திட்டேன்னு கேஸு என் பேர்லதான கீது?

— அதான் வக்கீல் வக்கறோம்னு சொல்லிக்கிறோம்ல? லைசென்ஸ் போனாலும் உனுக்கு மேல செக் போஸ்ட்ல ஒரு நாற்காலி போட்டுக் குடுக்கறோம். வாய மூடிக்கினு ஒத்துக்கறதுக்கு உனுக்கு இன்னா பேஜாரு?

— எனுக்கு நாற்காலி. மாசிக்கு? முட்டிக்குக் கீழ ஒண்ணுமில்லாம ஆஸ்பத்திரில மல்லாக்க படுத்துக்கினு கீறான். அவன் பொண்டாட்டி செங்கேணி வந்து கேட்டுல நின்னா, நீ யாருன்னே தெரியாதுன்னு தொரத்தி வுட்டீங்களாமே! எலி புடிக்க வந்த இருளன் குறுக்க வுழுந்துட்டான்னு போலீஸ்ல சொன்னீங்களே, பத்திக்கினு எரியுது சார் எனுக்கு! கல்லு குழில எந்த எலி கீது? கருங்கல்லத் துன்ற எலியா?

— கத்தாத! கத்திக்கினே கால வுட்டுடப்போற! அந்த விஷயம் முடிஞ்சிபோச்சிய்யா. காலைல லேபர் ஆபீஸ்லருந்து கண்ணாடி போட்டுக்கினு ஒரு மேடம் வந்திச்சி. மாசின்னு எவனும் இங்க வேலைக்கே வந்ததில்லன்னு சொல்லி, டீ குடுத்து அனுப்பிட்டேன். குழிய எட்டிப் பாக்கணும்னிச்சி. வெடி வைக்கற நேரம், எறங்கக்கூடாதுன்னுட்டேன்.

— நம்பிடிச்சா சார்?

— நம்பாம? கேட்டத் தாண்டி வுட்டாதான அதுக்கு எதுனா தெரியும்? நீ மொதல்ல வண்டியப் பாரு. காத்து எவ்ளோ கீது?

— முள்ளு படுத்துடுச்சி சார். சக்கரத்துக்கு கட்டை வச்சாதான் ஆவும்.

— ஏய்! யாராவது வந்து கட்டைய வைங்கடா! ...ஏய் உங்களத்தான்டா! ...பாரு, சோத்தத் துன்றதுக்கு மட்டும் ஓடியாருவானுங்க. ஒருத்தனும் நவுர மாட்டேன்றான்.

— எப்பிடி சார் வருவான்? கால் இருக்கற வரைக்கும் வேலைக்காரன். கால் போச்சின்னா எலி புடிக்க வந்தவன்.

— சரி, நானே வைக்கறேன். கட்டை எங்க கீது?

— டீசல் டேங்க் பக்கத்துல கட்டித் தொங்குது. புளியங்கட்டை. என் காசுல அறுத்துக்கினு வந்தேன்.

— எடுத்துட்டேன். சொல்லு.

— இன்னா சொல்றது சார்? நான் மேல குந்திக்கினு கீறவன். பின்னால யார் வச்சா, எப்பிடி வச்சான்னு எனுக்கு இன்னா தெரியும்? அந்த மாதிரி ஆளே இங்க இல்லன்னீங்களே.

— நக்கலா? நடு ஏத்தத்துல நக்கலா? ரெண்டு வருசமா மாசி வைக்கறத தெனமும் பாத்துக்கினுதான்யா நிக்கிறேன்! பின் சக்கரத்துக்கு நேரா நிக்க மாட்டான். பக்கவாட்டுல குந்துவான். கூர் பக்கத்த உள்ள வுட்டு உள்ளங்கையால ஒரு குத்து குத்திட்டு வெடுக்குனு கைய எடுத்துக்குவான். இந்த வேலைக்குன்னே அவன மானாம்பதிலருந்து கூட்டியாந்தவன் நானு. தெனக்கூலி என் கையாலதான வாங்கினான்!

— அப்பிடி தெரிஞ்ச ஆளு அன்னிக்கு மட்டும் ஏன் சார் கோட்ட வுட்டான்?

— கட்டை பொளந்துபோச்சி. வேற வோணும்னு கேட்டான். நான்தான் இன்னிக்கு ஒரு நாளு கல்ல வச்சி ஓட்டுறான்னேன். கல்லு நழுவும்னு நான் இன்னா ஜோசியமா பாத்தேன்? யோவ், பேசிக்கினே இருக்காத, நான் குனியறேன்.

— குனிங்க சார்.

— கால நல்லா அழுத்திக்க. சடையப்பா, நைனா, வுட்டுடாதப்பா. நான் புள்ளகுட்டிக்காரன்.

— மாசிக்கும் ரெண்டு பொண்ணு சார்.

— தெரியும்யா, தெரியும்! பெரியவ காதுகுத்துக்கு நான் போயி வந்தேன்ல... இதோ, உள்ள போச்சி. இன்னும் கொஞ்சம்... இந்தா! முட்டிக்கிச்சி! நல்லா முட்டிக்கிச்சி. அப்பாடா! எடு, ஃபர்ஸ்ட்ட போட்டு எடு.

— ஃபர்ஸ்ட்லதான் சார் கீது.

— இன்னாது?

— கீழ தரையில போட்டது. நீங்க சொன்னாப்புல அப்பால கம்பியத் தொடவே இல்ல.

— அப்ப ரெண்டாவது கழண்டுக்கிச்சின்னியே?

— இன்னிக்கு ரெண்டாவது பக்கமே நான் போவல. நானேதான் நிறுத்தினேன். காத்து முள்ளு நிக்க வேண்டிய எடத்துலதான் நிக்குது.

— அடப்பாவி! மனுசன உசுரோட சாவடிச்சிட்டியேடா! எதுக்குடா நிறுத்தின? ...ஏய், அந்தாண்ட கதவு தொறக்காதுன்ன? யாருடா அது தொறக்கறது?

— பாத்து எறங்குங்க லேபர் ஆபீஸ் மேடம், கேட்டுலருந்து சீட்டுக்குக் கீழயே குந்திக்கினு வந்தீங்க, படி கொஞ்சம் ஒசரம். பயப்படாதீங்க, வண்டி ஒரு நூலு நவுறாது. மாசி வைக்கற மாதிரியே சார் வச்சிக்கிறாரு.