பேர் சொல்லிப் பறிக்கிற ஊர்

ஏழு கண்மாயும் ஒரே மழையில் நிறைந்த காலமாம் அது. நம்ப மாட்டீர்கள், அதனால்தான் சொல்கிறேன். கூத்தன்வலசை ஊரில் பூவலிங்கம் என்று ஒரு ஆட்டுக்காரன். அவன் பெண்டாட்டி மார்பில் புற்று வந்து செத்துப்போனாளாம். காரியம் முடிந்த அன்றைக்கே, "இந்தப் புற்றுக்குப் பச்சிலை கண்டுபிடிக்காம ஊருக்குள்ள காலை வைக்க மாட்டேன்" என்று பாறைக் குன்றான கரட்டுக்காட்டுக்குள் போய்விட்டானாம்.

போனவன் போனவன்தான். காலையில் ஒரு இலையைத் தின்பான். சாகிறோமா என்று சாயங்காலம் வரை பார்த்துக்கொண்டிருப்பான். ஒரு இலைக்கு மீசை உதிர்ந்து கஞ்சியில் விழுந்ததாம். இன்னொரு இலைக்கு அவன் நிழல் இரண்டாகத் தெரிந்ததாம். "அட, துணைக்கு ஆள் வந்துட்டானே!" என்று அதோடு மூன்று நாள் பேசினானாம். நாலாம் நாள் அதுவும் போய்விட்டதாம்.

மருந்துச் செடியின் பேரை வெளியே சொன்னால் பலிக்காது என்பது அந்தக் காலத்துக் கட்டுப்பாடு. கண்டதைச் சொல்ல ஆளில்லை. ஆள் வந்தாலும் சொல்லக் கூடாது.

பதினோராம் வருஷம் வேலாயி என்றொருத்தி கழுத்துக் கட்டியோடு வந்தாளாம். ஒரு சாறு கொடுத்தான். தலைமுடியெல்லாம் கொட்டியதாம், தேங்காயளவு கட்டி நெல்லிக்காயாகச் சுருங்கியதாம்.

"அண்ணே, என்ன செடின்னு சொல்லு. நானே பறிச்சுக்கிடுறேன்."

"சொன்னா பலிக்காது தாயி."

"நீ செத்துப்போயிட்டா?"

"பதினோரு வருஷமா இம்புட்டு வெசத்தைத் தின்னும் சாகாதவன், இனிமேலா சாகப்போறேன்? இன்னும் ஒரே ஒரு வேளைதான். வெள்ளிக்கிழமை வா."

கடைசி வேளைக்குச் சாறு கூடுதலாக வேண்டுமாம். உடம்பு எவ்வளவு தாங்கும் என்று முதலில் தானே குடித்துப் பார்த்தானாம்.

வெள்ளிக்கிழமை வேலாயி வந்தபோது குடிசை வாசலில் கிடந்தான். அவளைக் கண்டதும் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தானாம். நாக்கு வீங்கி வாய் நிறைந்திருந்தது. கையைத் தூக்கிக் கரட்டைக் காட்டினான். கை விழுந்துவிட்டது. அந்தத் திசையில் நூறு வகைச் செடி நின்றதாம்.

அந்தச் செடியைத் தேட வேலாயி ஊரையே கூட்டிவந்தாள். "பறிக்கிறதைப் பேரு சொல்லிப் பறிங்க! இதுக்கு மேலயும் எவளும் என்னைப்போலத் தேடக் கூடாது!" என்று கத்தினாளாம். தேடிய செடி மட்டும் தெரியவில்லை. கட்டி மறுபடி வளர்ந்து, மாசிக்குள் அவளும் போய்ச்சேர்ந்தாள்.

அன்று தொட்டு அந்த ஊரில் யார் மருந்துக்கு இலை பறித்தாலும் அதன் பேரை உரக்கச் சொல்லித்தான் பறிக்கிறார்கள். பேர் தெரியாத செடி என்றால்? "பூவலிங்கம்!" என்று கூப்பிட்டுவிட்டுக் கிள்ளுவார்கள். ஆளரவமே இல்லாத கரட்டில், உச்சிவெயிலில், யாராவது ஒருவர் அவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்.