இளநீர் கொடுத்தவரின் பெயர்

திடீர் மரண விசாரணை அதிகாரி முன்னிலையில் பதியப்பட்டது. பெயர்: ஸ்ரனிஸ்லஸ் றோஸ்மேரி. வயது: 51. தொழில்: கருவாடு போடுதல். முகவரி: மாதா கோயிலடி, முல்லைத்தீவு. சமயம்: றோமன் கத்தோலிக்கம். இறந்தவருக்கு உறவுமுறை: மனைவி. வேதாகமத்தில் கைவைத்துச் சத்தியம் செய்து இவர் கூறுவதாவது:

நான் மேற்படி முகவரியில் என் கணவர் ஸ்ரனிஸ்லசுடன் வசித்து வந்தேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் கடற்றொழில் செய்தவர். போன வருடம் அவருக்குக் கால் இரண்டும் வீங்கியதால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் சென்றேன், அங்கே சிறுநீரகம் இரண்டும் பழுது என்று சொன்னார்கள், அதன் பின்னர் கிழமையில் இரண்டு நாள் அவரை இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தில் போட்டு வந்தார்கள்.

அங்குள்ள டொக்டர் அம்மா எங்கள் இருவரையும் இருத்தி விளங்கப்படுத்தினார். உடம்பில் உள்ள ஒவ்வொரு கலத்துக்கு உள்ளேயும் பொற்றாசியம் என்ற அயன் கூடுதலாக இருக்கிறது, வெளியே சோடியம் கூடுதலாக இருக்கிறது, இவை உள்ளும் புறமும் போய் வருவதால்தான் இருதயம் துடிக்கிறது என்றார். பொற்றாசியம் இல்லாமல் உயிர் இல்லையாம், ஆனால் இரத்தத்தில் அது அளவுக்கு மிஞ்சினால் இருதயம் நின்றுவிடுமாம், மிஞ்சியதை வெளியேற்றுவது சிறுநீரகத்தின் வேலையாம். சோடியம் என்றால் கறியுப்பு, நாக்குக்குத் தெரியும். பொற்றாசியம் அப்படியல்ல, இனிக்கிற வாழைப்பழத்திலும் இளநீரிலும் அது நிறைய இருக்கிறது என்று கூறி, அவற்றைத் தொடவே கூடாது என்றார். எனக்குத் தலை சுற்றியது. வெளியே வந்ததும் என் கணவர் எனக்கு அதைச் சுருக்கிச் சொன்னார்.

“வள்ளத்துக்க தண்ணி வாறது வழமைதானே. இறைக்கிறவன் படுத்திட்டான். அவ்வளவுதான் கதை.”

அன்று முதல் நான் காய்கறியைச் சின்னதாக வெட்டிச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரை ஊற்றி, வேறு தண்ணீரில் அவித்து, அதையும் ஊற்றிவிட்டுத்தான் கொடுத்தேன். பொற்றாசியம் தண்ணீரோடு கரைந்து போய்விடும் என்று டொக்டர் அம்மா சொன்னபடி செய்தேன். முருங்கைக்கீரை இல்லை, தேங்காய்ப்பால் இல்லை, பழம் இல்லை. சக்கையைத் தின்று அவருக்கு நாக்குச் செத்துப்போயிற்று. நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் இளநீரோடு வருவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். உடம்புச் சூட்டுக்கும் நீர்க்கடுப்புக்கும் அதுதான் மருந்து என்பார்கள். நான் படலையில் நின்றே இளநீர்களைத் திருப்பி அனுப்பினேன். எனக்கு வாய் நீளம் என்று ஊரில் சொல்வார்கள், அது பொய்யல்ல. ஆட்கள் வருவது குறைந்துவிட்டது.

என் கணவரின் தங்கை நிறஞ்சனா பக்கத்து ஒழுங்கையில் இருக்கிறா. நான் சத்தையெல்லாம் ஊற்றிவிட்டு அவவின் அண்ணனைப் பட்டினி போடுவதாகக் கோயிலடியில் எல்லோருக்கும் சொல்லித் திரிந்தா. மச்சாள் நிறஞ்சனாவுக்கும் இதே சிறுநீரக வருத்தம் தொடங்கிவிட்டது. அவவின் இரத்தத்திலும் பொற்றாசியம் கூடியிருக்கிறது என்று போன மாதம் கிளினிக்கில் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன். டொக்டர்மார் வெருட்டுகிறார்கள் என்று சொல்லி அவ அதன் பின்னர் கிளினிக் பக்கம் போகவில்லை.

போன கிழமை பெய்த மழையில் வீதியை வெள்ளம் மூடியதால் பஸ் ஓடவில்லை, அதனால் என் கணவரை ஒரு தடவை இயந்திரத்துக்குக் கொண்டுபோக முடியாமற் போயிற்று. வெள்ளம் வடிந்த பின்னர், மறுநாள் வரும்படி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அப்படிச் சொன்ன அன்று காலையே நான் சங்கக்கடைக்குப் போனேன். திரும்பி வரும்போது அவர் முற்றத்தில் கதிரை போட்டு இருந்தார், முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. குசினிக்குப் பின்னால் குப்பை கொட்டப் போன இடத்தில் வெட்டிய இளநீர்க் கோம்பைகள் கிடக்கக் கண்டேன். யார் கொடுத்தது என்று கேட்டுச் சத்தம் போட்டேன். அவர் என்னைக் கிட்ட வரச் சொல்லி, மெதுவாகச் சொன்னார்.

“பெடியன் ஆசையாய்க் கொண்டுவந்தவன். வேண்டாமெண்டு சொல்ல மனம் வரேல்லை. அவனுக்கு இதைச் சொல்லிப்போடாத, றோசி.”

நான் அவரை ஏசினேன். நாளைக்குத்தானே மெசின் இருக்கிறது, ஒன்றும் செய்யாது என்றார். கொஞ்ச நேரத்தில் கால் பாரமாக இருக்கிறது, தூக்க ஏலாமல் இருக்கிறது என்றார். உடனே ஓட்டோ பிடித்து ஏற்றினேன். வழியில் அவர் என் கையைப் பிடித்திருந்தார், பிறகு அந்தப் பிடி தளர்ந்தது. ஆஸ்பத்திரியில் இளநீர் குடித்ததைச் சொன்னேன், அவர்கள் ஓடி ஓடி ஊசி போட்டு நெஞ்சை அமத்திப் பார்த்தார்கள், அதன் பின்னர் அவர் இறந்துவிட்டதாக எனக்கு அறிவித்தார்கள்.

அன்று பின்னேரம் நிறஞ்சனா பொலிசுக்குப் போய், நான் அவருக்கு ஏதோ கொடுத்துக் கொன்றுவிட்டேன் என்று முறைப்பாடு செய்தா. பிரேத பரிசோதனையில் நஞ்சு ஒன்றும் இல்லை என்றும், இரத்தத்தில் பொற்றாசியம் மிக அதிகம் என்றும் வந்ததாக நீங்கள் நேற்று எனக்குக் கூறினீர்கள். அந்த இளநீரை யார் கொடுத்தது, கூடாது என்று தெரிந்த நானே கொடுத்தேனா என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாவிட்டால் சந்தேகம் என் மேல்தான் விழும், பிரேதத்தைத் தருவதும் பிந்தும் என்றீர்கள். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. உயிரோடு இருந்தபோது அந்த மனிதன் கேட்டது எதையும் நான் கொடுக்கவில்லை, கடைசியாகக் கேட்ட இதையாவது கொடுப்போம் என்று இருந்துவிட்டேன்.

இன்று காலை இந்தக் கந்தோருக்கு வந்தபோது, வாசல் வாங்கில் நிறஞ்சனா அழுது களைத்துப் போய் இருந்தா. அவவின் மகன் அனிஸ்ரன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, தாய்க்கு ஒரு செவ்விளநீரைச் சீவிக் கொடுத்தான். அவ வாயில் வைக்க முன்னம் நான் பாய்ந்து பறித்து நிலத்தில் ஊற்றினேன். அங்கு நின்ற எல்லோரும் கேட்க அவ கத்தினா.

“பாருங்கோ, என்ர அண்ணனுக்குச் செய்ததை இப்ப எனக்கும் செய்யிறாள்.”

அனிஸ்ரன் ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தபடி நின்றான். இனியும் பேசாமல் இருந்தால் அவன் தன் தாய்க்கும் அன்போடு வெட்டிக் கொடுத்துக்கொண்டே இருப்பான் என்று எனக்கு அப்போது விளங்கியது. ஆகவே சொல்கிறேன். என் கணவருக்கு இளநீர் கொடுத்தவன் அனிஸ்ரன். அவன் கட்டாரில் வேலை செய்துவிட்டு, அவர் இறந்ததற்கு முதல்நாள் இரவுதான் வந்தவன். தண்ணீரூற்று என்ற ஊரில் ஒரு வளவில் குலை வெட்டி, மாமாவுக்குப் பிடிக்குமென்று அவன் கொண்டுவந்ததாக என் கணவர் அன்று எனக்குப் பெயரோடு சொன்னவர். கூடாது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. மெசினுக்குப் போகாததால்தான் மாமா செத்தார் என்று இந்த நிமிடம்வரை நினைத்துக்கொண்டிருக்கிறான். நாளைக்கு மாமாவின் சவப்பெட்டி தூக்கப் போகிறவர்களில் அவனும் ஒருவன்.

அவன்மேலோ வேறு யார்மேலோ முறைப்பாடு உண்டா என்று கேட்கப்பட்டது. இல்லை. நிறஞ்சனா மேலும் இல்லை. அவ என்னைச் சொன்னதெல்லாம் எனக்கு நோகத்தான் செய்தது, ஆனால் அவவும் போனால் என் மனுசனைப் பற்றிக் கதைக்க எனக்கு ஆளில்லை. இதை முதலில் அவவுக்குத் தனியே வாசித்துக் காட்டுங்கள், மகனுக்குத் தாயே சொல்லட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டியபோது, ‘மரணத்துக்குக் காரணமான பானத்தை வழங்கியவர் அனிஸ்ரன்’ என்று ஓரிடத்தில் இருந்தது. அதை வெட்டும்படி கேட்டேன். பெயர் கட்டாயம் வரவேண்டும் என்று நீங்கள் சொன்னீர்கள். அப்படியென்றால் நான் சொல்கிறபடி எழுதச் சொன்னேன், அது நான் சொன்ன சொல்லிலேயே எழுதப்பட்டுள்ளது.

“பெடியன் குடுத்தது நல்ல இளனி. என்ர மனுசன்தான், தெரிஞ்சுகொண்டு, அவன்ர முகத்துக்காகக் குடிச்சவர்.”

இவ்வளவும் நான் கண்டதும் கேட்டதும். ஒருவரும் சொல்லித்தந்து நான் சொல்லவில்லை. திருத்திய பின் மறுபடி வாசிக்கக் கேட்டு, சரியெனக் கண்டு கையெழுத்திடுகிறேன்.

ஸ். றோஸ்மேரி